பழைய வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு மாற்றுவது: யாங்கூன் வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் தோதான வழிகாட்டி

யாங்கூனில் கல்யாண ஆல்பம், கோயில் திருவிழா வீடியோ, வீட்டுப் பிளான் என்று கணினியை வைத்துப் பிழைக்கிற எனக்குத் தெரிந்த தமிழர்கள் பலரிடம் புது லேப்டாப் கிடையாது. சிங்கப்பூரிலோ பாங்காக்கிலோ ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துவிட்ட வொர்க்ஸ்டேஷன்தான் இருக்கிறது. டெல் பிரிசிஷன், எச்பி எலைட்புக், எச்பி இசட்புக். 3 கிலோவை ஒட்டிய எடை, தடித்த உடம்பு, பத்து வருஷத்துக்கு மேல் வயசு. பார்க்கப் பழசாக இருந்தாலும் நல்ல எலும்பு. புரொசஸர் இன்னும் தாக்குப்பிடிக்கும், கீபோர்டு இரும்பு மாதிரி இருக்கும். முதலில் மூச்சு வாங்குவது கிராபிக்ஸ் கார்டுதான்.

சாதாரண லேப்டாப்பில் அதற்கு மருந்து இல்லை. கிராபிக்ஸ் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். இந்த வொர்க்ஸ்டேஷன்கள் சிலவற்றில் மட்டும் அது தனிக் கார்டாக இருக்கும், கழற்றி வேறு போடலாம். இதுவரை லேப்டாப்பின் அடிமூடியைக்கூடத் திறந்திராதவர்களுக்காக அதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். திருப்புளி பிடிக்கும் வேலை இதில் கொஞ்சம்தான். எந்தக் கார்டு வாங்குவது என்ற முடிவில்தான் பெரும்பாலானவர்கள் பணத்தை விடுகிறார்கள். அதனால் அந்த இடத்தில் நிதானமாகப் போகிறேன்.

கார்டுதான் குற்றவாளியா?

கார்டு வாங்கும் முன் ஒரு நாள் வேலையைக் கவனியுங்கள். வீடியோ எடிட்டிங்கோ முப்பரிமாண வரைபடமோ ஓடும்போது விண்டோஸ் 10இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? டிஸ்க் 100இல் முட்டிக்கொண்டு இருக்கிறதா? அப்படியென்றால் கார்டை மாற்றி ஒன்றும் ஆகாது. ரேம் கூட்டுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். டெல் பிரிசிஷன் எம்4800இல் நாலு கோர் புரொசஸர் இருந்தால் ரேமுக்கு 4 இடம் உண்டு, மொத்தம் 32 ஜிபி வரை ஏற்றலாம். அது கார்டைவிட மலிவு, ஆபத்தும் இல்லை. ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) வரைபடம் மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டு மற்றவை சும்மா இருந்தால், அல்லது கார்டின் மெமரி நிரம்பி வழிந்தால், அப்புறம் மேலே படியுங்கள்.

கழற்ற முடிகிற கார்டா என்று பார்ப்பது

நமக்கு வேண்டியது எம்எக்ஸ்எம் என்கிற வகைக் கார்டு. ரேம் போல ஒரு பக்கம் தங்கப் பூச்சுப் பற்களோடு, ஸ்லாட்டில் சாய்வாகச் செருகி, படுக்கவைத்து ஸ்க்ரூ முடுக்குகிற சின்ன பலகை. இதன் மூன்றாம் பதிப்பில் இரண்டு அளவு உண்டு. ஏ வகை 82 மில்லிமீட்டர் அகலம், 70 நீளம். பி வகைக்கும் அதே அகலம்தான், ஆனால் நீளம் 105. ஏ வகை 55 வாட் வரைக்கும் என்று வகுத்தது, பி வகை அதற்கு மேலே போகும். 15 அங்குல லேப்டாப்பில் பெரும்பாலும் ஏ, 17 அங்குலத்தில் பி.

டெல்லில் எம்4600 (2011), எம்4700 (2012), எம்4800 (2013) மூன்றும் ஏ வகை. அவற்றின் 17 அங்குல அண்ணன்களான எம்6600, எம்6700, எம்6800 பி வகை. எச்பியில் 8560டபிள்யூ, 8570டபிள்யூ ஏ வகை. 8760டபிள்யூ, 8770டபிள்யூ பி வகை. இசட்புக் 15, 17 இரண்டிலும் முதல் இரு தலைமுறைகளில் கார்டு கழற்றலாம். லெனோவோ திங்க்பேட் டபிள்யூ520, டபிள்யூ530, டபிள்யூ540 வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள். நல்ல மெஷின்கள்தான், ஆனால் கார்டு பற்றவைத்தது.

எந்தக் கார்டு

போன வருஷம் பெகுவிலிருந்து ஒரு தம்பி ஒரு எம்4700ஐயும், காகிதத்தில் சுற்றிய ஒரு கார்டையும் கொண்டுவந்தான். "அண்ணே, கே5000எம். 4 ஜிபி. சொல்லி வச்சு வாங்கினேன், போட்டுக் கொடுங்க" என்றான். காகிதத்தைப் பிரித்ததுமே எனக்கு மனசு கனத்துவிட்டது. கார்டு என் உள்ளங்கையைத் தாண்டி நீண்டது. அடிமூடியைக் கழற்றி அவன் லேப்டாப்பின் பழைய கார்டு இருக்கும் குழியின் மேல் அதைப் பிடித்துக் காட்டினேன். மூன்றரை சென்டிமீட்டர் வெளியே நின்றது. "அளவு வேற தம்பி, இது 17 இஞ்சு மெஷினோடது" என்றேன். அவன் ரெண்டு மாசச் சம்பளம் அது. வாங்கும் முன் ஒரு அளவுகோலை எடுத்திருந்தால் போதும்.

அதனால் புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே விதி: உங்கள் மாடலை விற்றபோது அந்தக் கம்பெனியே என்னென்ன கார்டுகளைப் போட்டு விற்றதோ, அந்தப் பட்டியலில் உள்ள பெரியதை வாங்குங்கள்.

குவாட்ரோ என்விடியாவின் வரிசை, கே என்று தொடங்குபவையும் அதில் சேர்ந்தவை; ஃபயர்புரோ ஏஎம்டியின் வரிசை. எம்4600க்கு குவாட்ரோ 1000எம், 2000எம், ஃபயர்புரோ எம்5950 வந்தன. எம்4700க்கு கே1000எம், கே2000எம், ஃபயர்புரோ எம்4000. எம்4800க்கு கே1100எம், கே2100எம், ஃபயர்புரோ எம்5100. எம்6700க்கு கே3000எம், கே4000எம், கே5000எம், ஃபயர்புரோ எம்6000. எம்6800க்கு கே3100எம், கே4100எம், கே5100எம், ஃபயர்புரோ எம்6100. எச்பி 8570டபிள்யூவுக்கு கே1000எம், கே2000எம், ஃபயர்புரோ எம்4000. இசட்புக் 15 முதல் தலைமுறைக்கு கே610எம், கே1100எம், கே2100எம். பட்டியலுக்குள் வாங்கினால் பயோஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அடையாளம் தெரிந்துகொள்ளும், டிரைவர் தானாக இறங்கும், ஃபேன் சரியாகச் சுற்றும், ஸ்க்ரூ ஓட்டைகள் பொருந்தும்.

எவ்வளவு லாபம் கிடைக்கும்? எம்4800இல் கே1100எம்மில் 384 குடா கோர்கள், அதாவது கணக்குப் போடும் சின்ன அலகுகள். கே2100எம்மில் 576. இரண்டுக்கும் மெமரி 2 ஜிபிதான். வேகம் கூடும், ஆனால் வேறு லேப்டாப் வாங்கியது போல மாறிவிடாது. 17 அங்குலக்காரர்களுக்குத்தான் உண்மையான தாவல்: கே3100எம்மில் 768 கோர், 4 ஜிபி, கே5100எம்மில் 1536 கோர், 8 ஜிபி. பெரிய காட்சிகளை ரெண்டர் செய்கிறவர்களுக்கு அந்த 8 ஜிபி உயிர் மாதிரி.

சரி, பட்டியலுக்கு வெளியே போகக் கூடாதா? போகலாம், செய்தவர்களும் இருக்கிறார்கள். அதே ஏ அளவில், அதே 55 வாட்டில், பின்னால் வந்த எம்2200இல் 1024 கோரும் 4 ஜிபியும் உண்டு. அதற்கு ஆசைப்பட ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது கல்யாண வீட்டில் மாமாவும் சித்தியும் போனில் எடுத்துத் தருகிற வீடியோ பல நேரம் எச்இவிசி (எச்.265) என்கிற, வீடியோவை நெருக்கிச் சுருக்கும் வடிவம். கே வரிசைக் கார்டுகளால் அதை ஹார்டுவேரில் விரிக்க முடியாது. அந்தக் காலத்து இன்டெல் நாலாம் தலைமுறை புரொசஸரின் உள் கிராபிக்ஸாலும் முழுசாக முடியாது. அதனால் டைம்லைனில் கிளிப்பை இழுத்தாலே தட்டுத் தடுமாறுகிறது. எம்2200இல் உள்ள சிப் எச்இவிசியை விரிக்கவும் செய்யும், சுருக்கவும் செய்யும். அதோடு, மென்பொருள்கள் என்விடியா கார்டில் கணக்குப் போட உதவும் குடாவின் 11ஆம் பதிப்பு வந்தபோது கே1100எம், கே2100எம் போன்ற 3.0 வகைக் கார்டுகளைக் கைவிட்டுவிட்டார்கள். புது மென்பொருள்கள் பலவற்றில் அவை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆனால் பட்டியலுக்கு வெளியே போனால் சந்திக்க வேண்டியவை இவை. என்விடியாவின் டிரைவர் உங்கள் லேப்டாப்பின் அடையாள எண்ணைப் பார்த்து, "பொருத்தமான ஹார்டுவேர் இல்லை" என்று நின்றுவிடும். எந்தெந்தக் கார்டுக்கு என்ற பட்டியல் உள்ள டிரைவரின் ஐஎன்எஃப் கோப்பைத் திருத்தி, விண்டோஸின் கையொப்பச் சோதனையை நிறுத்திவைத்துப் போட வேண்டும். கார்டுக்குள் இருக்கும் விபயோஸ் (கார்டின் சொந்த பயோஸ்) உங்கள் திரையோடு பேசாவிட்டால் லேப்டாப் ஓடும், திரை இருட்டாகவே இருக்கும். பழைய மெஷின்களில் திரைக்குப் போகும் இணைப்பு எல்விடிஎஸ் வகை; எம் வரிசைக்குப் பின்னால் வந்த பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு (பி வரிசை) அந்த மொழி தெரியாது, இன்டெல் கிராபிக்ஸ் வழியாகத்தான் படம் வர வேண்டும். எச்பி ட்ரீம்கலர் திரை உள்ள மெஷின்களில் அந்த இன்டெல் வழியும் அடைத்திருக்கும். இதெல்லாம் ஒரு முறையாவது கார்டு மாற்றிப் பழகிய கைக்கு உரியது. முதல் தடவையே இதில் இறங்காதீர்கள். எச்இவிசி மட்டும்தான் உங்கள் தலைவலி என்றால், கிளிப்களை ராத்திரி எச்.264 ஆக மாற்றிவைத்துவிட்டு மறுநாள் எடிட் செய்யுங்கள். காசு செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது. என்விடியாவிலிருந்து ஃபயர்புரோவுக்கோ, அங்கிருந்து இங்கோ மாறினால் ஹீட்சிங்கும் (சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்) மாற வேண்டியிருக்கலாம். சிப்பின் உயரமும் மெமரிச் சில்லுகள் இருக்கும் இடமும் வேறு. அதே குடும்பத்திலேயே நில்லுங்கள்.

வாங்கும்போது

கியாட் ஏறி இறங்குகிற இந்தக் காலத்தில் விலை எழுதினால் நீங்கள் படிக்கும்போது அது பொய்யாகியிருக்கும், அதனால் எழுதவில்லை. எல்லாம் பழைய கார்டுகள்தான் கிடைக்கும். விற்பவரிடம் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டெல் கார்டு என்றால் சிஎன்-0 என்று தொடங்கும் ஸ்டிக்கர் இருக்கும். அந்த 0க்கு அடுத்த 5 எழுத்துகள்தான் பாகத்தின் எண். எச்பி தன் பராமரிப்புக் கையேட்டில் ஒவ்வொரு மாடலுக்கும் உரிய கார்டுகளின் உதிரிபாக எண்ணையே அச்சிட்டிருக்கிறது. அந்தக் கையேடு எச்பி இணையதளத்தில் இலவசம். எண் ஒத்துப்போனால் பாதிக் கவலை விட்டது. டெல் லேப்டாப்புக்கு டெல் கார்டு, எச்பிக்கு எச்பி கார்டு என்றே வாங்குங்கள். ஒரே கே2100எம்தான் என்றாலும் உள்ளே இருக்கும் விபயோஸ் வேறாக இருக்கலாம்.

படத்தில் பச்சை பூத்த பற்கள், சுற்றிலும் பழுப்பேறிய சிப், மூலை உடைந்த சிலிக்கான் இவை தெரிந்தால் வேண்டாம். "ஓவன்ல சூடு காட்டி சரி பண்ணினது" என்று யாராவது சொன்னால் அந்தக் கார்டு சில வாரம் ஓடிவிட்டுத் திரும்பப் படுத்துவிடும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கையில் வருகிறது என்றால், நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, சட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைக்கச் சொல்லுங்கள்.

அடாப்டரும் இன்வெர்ட்டரும்

எம்4700, எம்4800க்கு 180 வாட், எம்6700, எம்6800க்கு 240 வாட் அடாப்டர் என்பது கணக்கு. கார்டு பெரிதாகும்போது அடாப்டரும் முழு அளவில் இருக்க வேண்டும். டெல் பின்னின் நடுவில் ஊசி போல ஒரு கம்பி இருக்கிறது பாருங்கள், அதன் வழியாகத்தான் லேப்டாப் "நீ எத்தனை வாட்?" என்று அடாப்டரைக் கேட்கிறது. மலிவான நகல் அடாப்டரில் அந்தப் பதில் வராது. அப்போது தொடங்கும்போதே அடாப்டர் வகை தெரியவில்லை என்று எச்சரிக்கை காட்டி, புரொசஸரின் வேகத்தை லேப்டாப் தானே குறைத்துக்கொள்ளும், பேட்டரியும் ஏறாது. புதுக் கார்டு போட்டும் ஆமை வேகம் என்று வருகிறவர்களில் சிலருக்குக் கோளாறு இந்த ஊசியில்தான் இருந்தது.

கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் வேலை செய்கிறீர்களா? 180 வாட் அடாப்டர் முழுச் சுமையில் ஓடும்போது வீட்டு விளக்கு, மின்விசிறியோடு சேர்த்து உங்கள் இன்வெர்ட்டர் தாங்குமா என்று கூட்டிப் பாருங்கள். ரெண்டரிங்கைக் கரண்ட் இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

திறப்பதற்கு முன்

பயோஸைக் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள், பழைய கார்டு இருக்கும்போதே. இது யாங்கூனில் உண்மையான ஆபத்து உள்ள கட்டம். பயோஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், லேப்டாப் அணைந்தால், மதர்போர்டு செத்த மாதிரிதான். லேப்டாப் பேட்டரி நல்லபடி சார்ஜ் ஏறி நிற்கிறதா என்று பார்த்து, அடாப்டரும் செருகி, உங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்த கையோடு செய்யுங்கள், போகிற நேரத்தை ஒட்டிச் செய்யாதீர்கள். பேட்டரி செத்துப்போன மெஷினில் டெல் அந்த அப்டேட்டையே மறுத்துவிடும். அந்த மறுப்பைச் சுற்றிப் போக வழி தேடாதீர்கள். ஒரு நல்ல பேட்டரியைக் கடன் வாங்குங்கள்.

அதே உட்காரலில் மூன்று வேலைகள்: புதுக் கார்டுக்கான டிரைவரை இறக்கி யுஎஸ்பியில் வையுங்கள். உங்கள் மாடலின் பராமரிப்புக் கையேட்டை இறக்கிப் போனில் வையுங்கள், ஏனென்றால் எந்த மூடி முதலில், எந்த ஸ்க்ரூ எங்கே என்பது மாடலுக்கு மாடல் வேறு. முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். நல்ல பிலிப்ஸ் திருப்புளி இரண்டு அளவில், பிளாஸ்டிக் நெம்பி, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், மெமரிச் சில்லுகளுக்கு அதே வேலை செய்யும் 0.5, 1.0 மில்லிமீட்டர் தெர்மல் பேட், 90 சதவீதத்துக்கு மேலான ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பஞ்சு விடாத துணி. ஸ்க்ரூக்களுக்கு வீட்டில் இருக்கும் இட்லித் தட்டு போதும். ஒவ்வொரு கட்டத்தில் கழற்றியதையும் ஒவ்வொரு குழியில் போட்டு, குழி ஓரத்தில் காகிதத் துண்டில் பெயர் எழுதி ஒட்டுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் முடுக்கி மதர்போர்டைத் துளைத்தவர்கள் உண்டு.

நம் ஊரில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காற்றின் ஈரத்தில் நிலைமின்சாரம் பெரிதாகத் தொல்லை தராது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று காய்ந்திருக்கும்போதுதான் ஜாக்கிரதை. தரையில் நைலான் பாய் விரித்து அதில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். மர மேஜை, மேலே பருத்தித் துண்டு. பல வீடுகளில் பிளக்கில் எர்த் கிடையாது, அதனால் கார்டைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் லேப்டாப்பின் வர்ணம் பூசாத இரும்புப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். கார்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

கழற்றிப் போடுவது

அடாப்டரை எடுங்கள், பேட்டரியை எடுங்கள், பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். கையேட்டின்படி மூடிகளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம்.

ஹீட்சிங்கில் ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூக்கள் இருக்கும், பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண்ணும் இருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு, ஒவ்வொன்றையும் ரெண்டு சுற்று ரெண்டு சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரு மூலையை முழுசாக விட்டுவிட்டால் எதிர் மூலையில் சிலிக்கானின் விளிம்பு நசுங்கும். பத்து வருஷப் பேஸ்ட் காய்ந்து சிமென்ட் போல் பிடித்திருந்தால் மேலே இழுக்காதீர்கள். ஹீட்சிங்கை இடமும் வலமும் துளி துளியாக முறுக்குங்கள், விட்டுவிடும்.

கார்டின் மேல் ஏதாவது கேபிள் செருகியிருந்தால் முதலில் அதை விடுவியுங்கள். கார்டைப் பிடித்த ஸ்க்ரூக்கள் வந்ததும் அது ஒரு பக்கம் தானாக எழும்பி நிற்கும். அந்தச் சாய்விலேயே நேராக வெளியே இழுங்கள். கார்டின் முதுகில் பெருக்கல் குறி வடிவில் ஓர் உலோகத் தகடு இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் கார்டில் அது இல்லாவிட்டால் பழையதிலிருந்து பொறுமையாகப் பெயர்த்து மாற்ற வேண்டும், ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்கள் பிடிப்பது அதில்தான்.

புதுக் கார்டை அதே சாய்வில் செருகுங்கள். தங்கப் பற்கள் இடமும் வலமும் ஒரே அளவு மறைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் கோடு தடியாகத் தெரிந்தால் சரியாக இறங்கவில்லை. படுக்கவைத்துப் பார்த்து, ஓட்டை ஓட்டைக்கு நேர் வந்தபின் ஸ்க்ரூ.

பேஸ்ட், பேட்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுப் படிக்காதீர்கள். நான் முதல்முதலாக ஒரு எம்4800இல் கார்டு மாற்றியபோது எல்லாம் சரியாகச் செய்தேன் என்று நினைத்தேன். ஆன் செய்தேன், படம் வந்தது, டிரைவர் ஏறியது. சோதனை ஓட்டிய இரண்டாவது நிமிஷம் சூடு 95 டிகிரி, மவுஸ் உறைந்துவிட்டது. திரும்பத் திறந்து ஹீட்சிங்கைத் தூக்கினேன். சிப்பின் நடுவில் நான் வைத்த பேஸ்ட், வைத்தபடியே ஒரு துவரம்பருப்பு போல உட்கார்ந்திருந்தது. ஹீட்சிங் சிப்பைத் தொடவே இல்லை. காரணம், மெமரிச் சில்லுகள் மேல் பழைய 1.0 மில்லிமீட்டர் பேட் கிழிந்திருந்ததால், கையில் கிடைத்த 1.5 மில்லிமீட்டர் பேட்டை வெட்டி வைத்திருந்தேன். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்த அரை மில்லிமீட்டர் மேஜைக்கு அடியில் கட்டை வைத்ததுபோல் முழு ஹீட்சிங்கையும் தூக்கிப் பிடித்துவிட்டது.

அதனால் பழைய பேட்டின் நசுங்காத ஓரத்தை அளந்து, அதே தடிமன் வாங்குங்கள். பழையது கிழியாமல் மெதுமெதுவென்று இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். சிப்பையும் ஹீட்சிங்கின் செம்புப் பகுதியையும் ஆல்கஹால் தொட்ட துணியால் கண்ணாடி போல் ஆகும் வரை துடையுங்கள். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவில் வையுங்கள், அல்லது மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஸ்க்ரூக்களை 1, 2, 3, 4 வரிசையில், ரெண்டு சுற்று ரெண்டு சுற்றாக முடுக்குங்கள்.

முடுக்கியதும் ஒரு தடவை திரும்பக் கழற்றிப் பாருங்கள். பேஸ்ட் சிப்பின் நாலு மூலைக்கும் பரவி, செம்பிலும் அதே சதுரம் பதிந்திருந்தால் தொடுகிறது. ஒவ்வொரு பேடிலும் சில்லுகளின் தடம் பதிந்திருக்க வேண்டும். பார்த்தபின் துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்ட் வைத்து மூடுங்கள். பத்து நிமிஷமும் கொஞ்சம் பேஸ்டும் வீண்தான். ஏப்ரல் மாதம் திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) சமயத்து வெயிலில் அந்தப் பத்து நிமிஷம் உங்களுக்குத் திரும்பி வரும்.

கையோடு ஃபேனையும், காற்று வெளியேறும் தகட்டு வரிசையையும் சுத்தம் செய்யுங்கள். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் கம்பளி போல ஒரு தூசிப் படலம் உறைந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, உள்ளேயிருந்து விரலால் உரித்து எடுக்க வேண்டும்.

முதல் ஆன்

எல்லா மூடியையும் மாட்டி முடிக்க வேண்டாம். ஃபேன் கேபிள் செருகியாயிற்றா என்று மட்டும் இரண்டு முறை பார்த்துவிட்டு, பேட்டரி, அடாப்டர் கொடுத்து ஆன் செய்யுங்கள். முதல் தடவை திரை சற்று நேரம் இருட்டாக இருந்து, மெஷின் தானே ஒருமுறை அணைந்து எழலாம். பதறாமல் ஒரு நிமிஷம் பொறுங்கள்.

டெல்லில் பீப் ஒலி வந்தால் எண்ணுங்கள். 6 என்றால் வீடியோ கார்டு: கழற்றி, பற்களை ஆல்கஹாலால் துடைத்து, திரும்பச் செருகுங்கள். 5 என்றால் மதர்போர்டின் சின்ன வட்ட பேட்டரி, 8 என்றால் திரை. பீப் இல்லை, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் வெளி மானிட்டர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். அதில் படம் வந்தால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது, லேப்டாப் திரையோடு பேசுவதில்தான் சிக்கல். பயோஸுக்குள் போய், இன்டெல் கிராபிக்ஸும் தனிக் கார்டும் மாறி மாறி ஓடவிடும் ஸ்விட்சபிள் கிராபிக்ஸ் என்ற அமைப்பை மாற்றிப் பாருங்கள். ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள், ஆஃபில் இருந்தால் ஆன் செய்யுங்கள்.

விண்டோஸ் வந்ததும் பழைய டிரைவரை நீக்கி, யுஎஸ்பியில் வைத்த புதியதைப் போடுங்கள். கே வரிசை லேப்டாப் கார்டுகளுக்கு என்விடியா புது டிரைவர் வெளியிடுவது நின்றுவிட்டது, உங்கள் மாடல் பக்கத்தில் கடைசியாக இருப்பதே போதும். லினக்ஸ் பயன்படுத்தினால் கே வரிசைக்கு என்விடியா டிரைவரின் 470 என்ற பதிப்புக் கிளைதான் கடைசி, பின்னால் வந்த எம், பி வரிசைகளுக்கு 580.

பிறகு ஜிபியு-இசட் என்ற சின்ன நிரலில் கார்டின் பெயர், கோர் எண்ணிக்கை, மெமரி மூன்றையும் பாருங்கள். கே2100எம் என்று வாங்கியதில் 576க்குப் பதிலாக 384 தெரிந்தால் ஸ்டிக்கர் பொய். விற்றவரிடம் உடனே பேச வேண்டிய விஷயம் அது.

சூடு பார்த்தல்

கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் என்ற சோதனை நிரலை ஓட்டி, ஜிபியு-இசட்டில் சூட்டைக் கவனியுங்கள். முதல் மூன்று நிமிஷம் எழுந்து போகாதீர்கள். விறுவிறுவென்று 90ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், மேலே சொன்ன பேட் கதைதான். படிப்படியாக ஏறி ஓரிடத்தில் நின்றால் 15 நிமிஷம் விடுங்கள். ஏசி இல்லாத அறையில், மதிய வேளையில், 80ஐ ஒட்டி நின்றால் எனக்குத் திருப்தி. 85ஐத் தாண்டி நின்றால் நான் திறந்து மறுபடி பேஸ்ட் வைப்பேன். கோடையில் மண்டலே பக்கம் இருப்பவர்கள் இன்னும் கறாராக இருங்கள். குளிர் மாதத்தில் சோதித்தால் ஏப்ரலுக்காக 10 டிகிரி இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

சூடு சரியென்றால் மூடிகளை மாட்டி, இட்லித் தட்டில் ஸ்க்ரூ ஏதும் மிஞ்சவில்லை என்று பார்த்துவிட்டு, உங்கள் சொந்த வேலை ஒன்றை முழுசாக ஓட்டுங்கள். முன்பு ரெண்டர் ஆக எத்தனை நிமிஷம் பிடித்ததோ அதே கோப்பு, அதே அமைப்பு.

பழைய கார்டைக் குறைந்தது மூன்று மாதம் விற்காதீர்கள். புதுக் கார்டு வந்த அதே நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் ஒரு சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். பின்னால் திரையில் கோடு விழுந்தாலோ மெஷின் திடீரென்று அணைந்தாலோ, கோளாறு புதுக் கார்டிலா மதர்போர்டிலா என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க உங்களிடம் இருக்கும் ஒரே கருவி அதுதான். டப்பாவின் மேல் லேப்டாப் மாடல், கழற்றிய தேதி, பேட் தடிமன் மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.